மாத்துன ரெண்டும் மாத்தாத பத்தும்

தை முதல் தேதி, பொங்கப் பானை இறங்குவதற்குள் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் கடைச் சாமான் வீட்டுக்கு வராது. வீட்டுச் சாமான் கடைக்குப் போகாது. வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவுக்கு ஒரு பூட்டும் போட்டேன்.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் மாசிலாமணி பழைய சாமான் கடை எது என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். சிலபேர் ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்துச் சொல்வார்கள். அவர்கள் என்னிடம் பேரம் பேசித் தோற்றவர்கள். பன்னிரண்டு வயதில் பழைய இரும்பு பொறுக்க ஆரம்பித்தவன் நான். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. மிச்சப் பாடத்தை உதை சொல்லிக்கொடுத்தது. கோபம் கொஞ்சம் வரும். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன்; தெருவில் வேறு அளவு சொல்வார்கள்.

பூட்டுக்குக் காரணம் என் மனைவி ஜெசிந்தா. "விக்கிற வரைக்கும் வூட்ல இருக்கட்டுங்க, கடையில தூசி படுது" என்பாள். அப்படித் தூசியிலிருந்து காப்பாற்றப்பட்ட மிக்சி, மேசை விசிறி, ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ எதுவும் இன்றுவரை கடைக்குத் திரும்பவில்லை. என் வீட்டில் என்னைத் தவிர எல்லாமே நல்ல விலைக்குப் போகக்கூடிய பொருள்.

"இன்னாங்க இது, கதவுக்குப் பூட்டு?"

"சபதம்."

"குப்பை? கடைக் குப்பையை நான்தானே தினம் வந்து அள்றேன்?"

"தெருப்பக்கமா வந்து அள்ளிக்கோ. பூட்டு சாமானுக்குத்தான். குப்பைக்கு இல்ல."

"நல்லா யோசிச்சித்தான் சொல்றீங்களா? குப்பை என்னுது, சாமான் உங்களுது?"

"எழுதிக் குடுக்கட்டுமா?"

"வேணாங்க. நீங்க சொன்னா போதும்."

இந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதே வாரம் மண்டகப்பட்டில் கண்ணையன் என்பவர் வீட்டில் பழைய கட்டில் விலைக்கு இருக்கிறது என்று போனேன். கட்டிலை ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என் முதல் விதி. வாங்க வேண்டியதைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். ரெண்டாவது, குறை சொல்ல வேண்டும். பொருளை வைத்திருப்பவன் வெட்கப்படும் அளவுக்குச் சொல்ல வேண்டும். மூணாவது, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும். "அண்ணே நில்லுங்க" என்று கூப்பிடுவார்கள். இந்த மூணு விதியில்தான் நான் ரெண்டு பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணினேன்.

பக்கத்தில் இருந்தது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை. மூட்டைக்குக் கீழே முட்டுக்கொடுத்து ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் துணி போர்த்தி, திருகுகிற குமிழ் ரெண்டு, ஒரு கைப்பிடி. கண்ணையனின் அண்ணன் ஒருகாலத்தில் கச்சேரிக்குழு வைத்திருந்தாராம். அது கிடாருக்கான ஆம்ப்ளிஃபயராம்.

"ரேடியோப் பொட்டி மாதிரி கீது. எலி குடித்தனம் பண்ணியிருக்கும். சரி, கட்டிலோட சேத்து ஏத்து" என்றேன். கண்ணையன், விட்டால் போதும் என்று ஏற்றிவிட்டார்.

பெட்டி கடையில் இறங்கியது. ஜெசிந்தா குப்பை அள்ள வந்தாள். பார்த்தாள். துடைப்பம் கையிலேயே நின்றது.

அவளைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவள் ஸ்டீல் கிடார் வாசிப்பாள். கிடாரை மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஒரு இரும்பு உருளையைப் பிடித்து, கம்பி மேல் ஓட்டி ஓட்டி வாசிப்பது. கேட்டால் யாரோ தூரத்தில் நம்மைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அவள் அப்பா கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தவர். எனக்குச் சீதனமாக அவர் கொடுத்தது அந்தக் கிடார் ஒன்றைத்தான். நான் பேரத்தில் தோற்ற முதல் இடம் என் கல்யாணம்.

இருபது வருடமாக மாதா கோயில் பாடகர் குழுவில் அவள்தான் கிடார். ஆனால் அதைக் கோயில் மைக் செட்டில் சொருகினால் தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம் வரும். கூடவே 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல். பாடகர் குழுத் தலைவர் புகழேந்தி போன மாதம் புதுசாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தார்.

"அக்கா, இந்தப் பட்டனை அமுக்குனா உங்க கிடார் சத்தம் அப்டியே வருதுக்கா. நீங்க எதுக்கு பாவம், அதைத் தூக்கிக்கினு அலையிறீங்க? லூர்து மாதா திருவிழாவுக்கு ஜனங்க நெறைய வரும். அதுக்குள்ள சத்தம் சரியாவலைன்னா, நீங்க கீழ உக்காந்து ஜெபம் பண்ணுங்கக்கா."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த 'பாவம்' தான் ஜெசிந்தாவைக் குத்திவிட்டது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. அடுத்த நாள் உப்புதான் இருந்தது.

"ஏங்க, இது ஸ்டீல் கிடாருக்குன்னே செஞ்ச பொட்டிங்க. எங்கப்பா வெச்சிருந்தது மாதிரியே. குடுங்களேன். திருவிழா முடிஞ்சதும்..."

"தூசி படும், கொண்டுபோய் வெக்கிறேன்னு சொல்லப்போற. சபதம்!"

"என்னை மேடையிலேந்து எறக்கிடுவாங்கங்க."

"எறக்குனா எறங்கு. முட்டி வலிக்குது வலிக்குதுன்னு சொல்றல்ல?"

சொன்ன பிறகு எனக்கே நன்றாக இல்லை. ஆனால் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்வது என் கடையில் வழக்கம் இல்லை. விற்ற சாமானையே திருப்பி எடுப்பதில்லை.

மறுநாளே கடை வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவர் வேங்கடேசன். புதுச்சேரிக்காரர். பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் தேடித்தேடிச் சேர்ப்பவராம். அவர் நேராகப் பெட்டியையே பார்த்தார். வாங்க வேண்டியதையே நேராகப் பார்க்கிற ஆளை முப்பது வருடத்துக்கு ஒருமுறைதான் ஆண்டவன் என் கடைக்கு அனுப்புகிறான்.

"உள்ள எதெது மாத்தியிருக்குன்னு நல்ல மெக்கானிக்கை வெச்சிப் பாத்து வைங்க. ரெண்டு வாரத்துல வர்றேன். மனசுக்குப் புடிச்சா, நீங்க கேக்குற விலை" என்றார்.

நீங்க கேக்குற விலை! அன்று ராத்திரி என் காதில் இந்த மூணு வார்த்தையும் தாலாட்டுப் பாடின.

காலையில் பெட்டியைச் சுவரில் சொருகிப் பார்த்தேன், 'ங்ங்ங்' என்று இரைந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றினேன். பிளக் சுவரில் இல்லை, கீழேதான் கிடந்தது. உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு உருளை. "நீதான் எலிக்கு அண்ணனா?" என்று விரலால் தொட்டேன்.

அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, நான் ஒரு தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு ஜெசிந்தா தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பிளக்கைப் புடுங்கிட்டா செத்துடுச்சின்னு நெனச்சீங்களா? அது கண்டன்சருங்க. கரண்டை உள்ள புடிச்சி வெச்சிக்கினே இருக்கும். தெரிஞ்சவங்களைக் கூப்புடறதில்ல?"

"உனக்கு எப்டிடி தெரியும்?"

"எங்கப்பா கச்சேரிக்குப் பொட்டி தூக்கிக்கினு போனது யாருன்னு நெனச்சீங்க? கட்டிக்கினு வந்து முப்பது வருஷம் ஆச்சு, ஒரு நாளாவது கேட்டீங்களா?" தண்ணீர் கொடுத்தாள். பிறகு, "விழுப்புரத்துல கோதண்டபாணி அண்ணன் கிட்ட கொண்டுபோலாம். கிடார் போட்டு வாசிச்சிப் பாத்தாத்தானே எது ரிப்பேருன்னு தெரியும்? நானும் வர்றேன்" என்றாள்.

வாசித்துப் பார்க்க ஒரு ஆள், கூலி இல்லாமல். நான் ஒப்புக்கொண்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார். மயிலம் தாண்டும் வரை பேசி, பெட்டிக்கு அரை டிக்கெட், கிடாருக்கு இனாம் என்று முடித்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. ஜெசிந்தா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

கோதண்டபாணி கடை ரயில்வே ஸ்டேஷனாண்ட. மனிதர் ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டிருப்பார். எதைக் கேட்டாலும் பத்து எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்தப் பத்துக்குள் எனக்கு ரெண்டு தடவை கோபம் வந்து போய்விடும். முதலில் ஜெசிந்தாவைக் கிடார் சொருகி வாசிக்கச் சொல்லி, இரைச்சலோடு கேட்டார். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கியிருந்த கரண்டை இறக்கினார். அப்புறம் டார்ச் அடித்து அரைமணி நேரம் பார்த்தார்.

"இங்க பாரு மாசிலாமணி. பழசா ஈயம் வெச்ச எடமெல்லாம் சாம்பல் மாதிரி மங்கிப்போயிருக்குது. இந்த ரெண்டு எடத்துல மட்டும் மினுக்குது. பின்னால எவனோ கை வெச்சிருக்கான்."

"பளபளப்பா இருந்தா நல்லதுதானே?"

"ஒயரையும் பாரு. பழசுல துணி சுத்தியிருக்குது. இதுல பிளாஸ்டிக். அந்தக் காலத்து ஆளு ஒயரை மூணு சுத்து சுத்திட்டுத்தான் ஈயம் வெப்பான். இவன் எச்சி தொட்டு ஒட்டுன மாதிரி ஒட்டியிருக்கான். ஒண்ணு டிவியிலேந்து புடுங்குன கண்டன்சர். அந்த இரைச்சல் அதாலதான். இன்னொண்ணு ரேடியோவோட வால்யூம் கண்ட்ரோலு." சிவப்பு நகப்பூச்சுப் பாட்டிலை எடுத்து, அந்த ரெண்டின் தலையிலும் ஒரு பொட்டு வைத்தார். "முக்கியமான உருப்படி பன்னெண்டு. ரெண்டு மாத்துனது. பத்து, பொறந்ததுலேந்து கூடவே இருக்குது. ஸ்பீக்கர் உட்பட. தேதி நம்பர்கூட அழியலை."

ஜெசிந்தா முன்னால் வந்தாள். "அப்போ அந்த ரெண்டை மட்டும் சரி பண்ணிட்டு, பத்தையும் அப்டியே வுட்டுடுங்க. பழசைத் தேடிக்கினு வர்றவருக்குப் பழசுதாங்க வேணும்."

எனக்குக் கோபம் ஏறியது பாருங்கள்.

"ஏண்டி, எனக்கே யாவாரம் சொல்லிக் குடுக்கிறியா? துருப்புடிச்ச சைக்கிளைத் துருவோட வாங்குறவன் எவன்டி? டயர் மாத்தி, பெல்லு மாத்தி, பெயிண்ட் அடிச்சாத்தான் நான் கேக்குற விலைக்குப் போவும். நாப்பது வருஷமா இதைத்தான் பண்ணிக்கினு இருக்கேன்! மாத்துனது எது எதுன்னு அந்தாளு ஏன் கேட்டான்? மாத்தாததை மாத்தி வெக்கிறதுக்குத்தான்!"

"அந்தம்மா சொல்றதுல..." என்று ஆரம்பித்தார் கோதண்டபாணி.

"நீ சும்மா இருய்யா. பன்னெண்டையும் புதுசாக்கு!"

வெளியே ரயில் வருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. ஜெசிந்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தேடின சாவி கையில் கிடைத்த மாதிரி ஒரு அமைதி.

"சரிங்க. நீங்க யாவாரி, உங்களுக்குத் தெரியாததா? ஆனா பண்றதே பண்றீங்க, அரைகுறையா பண்ணக் கூடாது."

"அப்டி வா வழிக்கு!"

"இது ரெண்டு முள்ளு பிளக்கு. நான் கம்பி மேல இரும்பை வெச்சா கையில சுருக்குங்குது. வாங்க வர்றவருக்கு சுருக்குன்னா ஓடிட மாட்டாரா? எர்த்தோட மூணு முள்ளு போடச் சொல்லுங்க."

"போடுய்யா மூணு முள்ளு!"

"கண்டன்சர் எல்லாம் நல்லதா, பெருசா போட்டா சத்தம் இழுத்தா இழுத்த எடத்துல நிக்கும். பாதியில அமுங்கிப் போவாது."

"பெருசா போடுய்யா!"

"கீழ் சுரம் வாசிச்சா ஸ்பீக்கர் கிழிஞ்ச துணி மாதிரி ஆடுது. கனமான ஸ்பீக்கரா ஒண்ணு..."

"கனமா போடுய்யா! இன்னா பாத்துக்கினு இருக்கே?"

கோதண்டபாணி ரெண்டு கண்ணாடி வழியாகவும் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் தலையை லேசாக அசைத்தாள். எனக்கு அது 'அண்ணா, அவரு கோபக்காரர், சொன்னதைச் செய்ங்க' என்கிற மாதிரி தெரிந்தது. அந்தப் பன்னிரண்டில் சேராத டிரான்ஸ்பார்மரையும் மாற்றச் சொன்னேன்; அதை மட்டும் தொட மாட்டேன் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார். நல்லா இருக்கிறதாம், அதை மாற்றினால் பாவமாம். அதையாவது விட்டுத்தொலை என்றேன்.

நாலு நாள் கழித்து மறுபடி போனோம். பெட்டிக்குள் பன்னிரண்டும் பளபளவென்று கல்யாணப் பெண் மாதிரி இருந்தன. ஜெசிந்தா கிடாரை மடியில் வைத்து உருளையை ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. அந்தச் சத்தம் எழுந்து, நின்று, நின்றுகொண்டே இருந்து, மெதுவாகத்தான் உட்கார்ந்தது. கோதண்டபாணி ரெண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்தாள். நான் மனதுக்குள் விலையை உயர்த்தினேன்.

"பழைய உருப்படியெல்லாம் இன்னா பண்றது?" என்று கேட்டார் அவர்.

"குப்பையில போடுய்யா. குப்பைக்கெல்லாம் என்னைக் கேட்டுக்கினு!"

ஜெசிந்தா, புளிசோறு கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்தாள். சின்ன உருப்படியை எல்லாம் அதில் போட்டாள். பழைய ஸ்பீக்கரைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்தாள்.

"தொட்டி தூரமா இருக்குதுங்க. நம்மூருக்குக் கொண்டாந்தே போட்டுடறேன்."

இவ்வளவு சுத்தக்காரி எனக்கு மனைவியாக வாய்த்தாளே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

வேங்கடேசன் சொன்ன நாளில் வந்தார். பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி குச்சி நுனியில் ஒரு கண்ணாடி வைத்திருந்தார். அதை உள்ளே விட்டார். டார்ச் அடித்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக, சாவு வீட்டுக்குத் தப்பான நேரத்தில் சிரித்துக்கொண்டே நுழைந்தவர் முகமாக ஆனது.

"யாரு இப்படிப் பண்ணது?"

"நான்தான் சார்! சொந்தச் செலவு! ஒண்ணுகூட பாக்கி வெக்கலை!"

"எல்லாமே புதுசு."

"எல்லாமே புதுசு சார்!"

"ரெண்டு மூணு மாத்தியிருப்பாங்க, அதைப் பழையபடி ஆக்கிக்கலாம்னு நெனச்சேன். நான் சேக்கிறது பழசுங்க. உள்ள இருக்கிறது அந்தக் காலத்துதா இருந்தாத்தான் எனக்கு அது பொட்டி. வீட்டுல இதே மாதிரி ஒண்ணு, உள்ள காலியா கெடக்குது. இதைப் பாத்து அதையும் உசுப்பலாம்னு..." நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தப் பழைய உருப்படியெல்லாம் எங்கே?"

"குப்பையில போட்டாச்சு சார்."

தண்ணீர் கேட்டார். முழுச் சொம்பையும் குடித்தார்.

"வேலை நல்லா பண்ணியிருக்காங்க, குத்தம் சொல்லலை. வாசிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல பொட்டி அமையாது. வாசிக்கிறவங்க யாராவது இருந்தா குடுங்க." எழுந்தார். "ஒருவேளை அந்தப் பழசு கெடைச்சா..." என்று பெயரும் போன் நம்பரும் அச்சடித்த சின்ன அட்டை ஒன்றை நீட்டினார்.

அவர் கார் திரும்பும் வரை மரியாதையாக நின்றேன். அப்புறம் கத்தினேன். கோதண்டபாணியை, புதுச்சேரியை, அந்தப் பல் டாக்டர் கண்ணாடியை, எதையும் விடவில்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அட்டையைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தேன்.

சாயந்திரம் ஜெசிந்தா தெருப்பக்கமாக வந்து குப்பையை அள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த நாலு நாளும் அந்தப் பெட்டியை யாரும் சீந்தவில்லை. ஸ்டீல் கிடார் வாசிக்கிற ஆள் வேண்டும் என்றால் திண்டிவனத்தில் எங்கே போவது? என் வீட்டைத் தவிர.

அஞ்சாம் நாள் காலை. வாசலில் ஒரு பட்டுப்புடவை. நிமிர்ந்தேன். ஜெசிந்தா. கையில் துடைப்பம் இல்லை, பை இருந்தது.

"இந்தக் குக்கர் எவ்ளோங்க?"

"ஏய், இன்னா விளையாட்டு? வூட்லதான் மூணு கெடக்குதே!"

"கடைன்னு வந்தா நாலு கேக்கத்தான் செய்வோம்." குக்கர் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கைப்பிடியை ஆட்டினாள். அப்புறம் போகிற போக்கில், "அது இன்னா பொட்டி, மூலையில?"

"தெரியாத மாதிரி கேக்குறா பாரு. ஆம்ப்ளிஃபயரு."

"வெளிய பழசு, உள்ள புதுசா? பழசு கேக்குறவரும் வாங்க மாட்டாரு, புதுசு கேக்குறவரும் வாங்க மாட்டாரு. கைப்பிடி வேற வாரு தேஞ்சிக்கினு கீது. துணியில மல்லாட்டைத் தோல் ஒட்டிக்கினு கீது. புதுச்சேரிக்காரர் ஒருத்தர் வேணாம்னு போயிட்டாராமே?"

"யாரு சொன்னது?"

"தெருவே சொல்லுது. நீங்க கத்துன கத்துல மேல்மருவத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும்." ஒரு விலை சொன்னாள்.

"கோதண்டபாணிக்குக் குடுத்ததுல பாதிகூட இல்லடி அது!"

"அப்போ வெச்சிக்கோங்க. துருவோட வாங்குறவன் வருவான்." திரும்பி நடந்தாள். மின்கம்பத்தைத் தாண்டினாள். டீக்கடையைத் தாண்டினாள். திரும்பவே இல்லை.

"ஏய்! நில்லு!"

கூப்பிட்டது யார் என்று ஒரு நிமிடம் எனக்கே தெரியவில்லை. நான்தான்.

பையிலிருந்து புது நோட்டாக எண்ணி வைத்தாள்.

"ஏது பணம்?"

"கஸ்டமர் கிட்ட ஏது பணம்னு கேக்குற கடையை இப்பத்தாங்க பாக்குறேன்."

ஆட்டோவைக் கூப்பிட்டுப் பெட்டியை நேராகக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். நஷ்டம்தான். ஆனால் கட்டிய மனைவியிடமே ரொக்கத்துக்கு விற்றவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான். சபதமும் உடையவில்லை. அது வீட்டுக்கு வந்த சாமான் இல்லை, விற்பனை. அன்று ராத்திரி கொஞ்சம் நிம்மதியாகத்தான் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா திருவிழா. கோயில் நிறைந்து வாசலில் பந்தல் வரைக்கும் ஜனம். புகழேந்தி கீபோர்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, பட்டனை அமுக்கத் தயாராக நின்றார். ஜெசிந்தா உருளையைக் கம்பி மேல் வைத்தாள். சுருக்கென்று எதுவும் இல்லை. இழுத்தாள்.

கைக்குழந்தைகள் அழுகையை நிறுத்தின. இருபது வருடமாகத் தகரத்தில் ஆணி கீறிக்கொண்டிருந்தவள் இவள்தானா என்று ஜனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அது சத்தமாகவே இல்லை. பெயர் சொல்லி யாரோ கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட்டுவிட்டு நாம் வரும்வரை காத்திருக்கிற மாதிரி இருந்தது. புகழேந்தி பட்டனிலிருந்து விரலை எடுத்தார். பாட்டு முடியும் வரை திரும்ப வைக்கவில்லை. எனக்குக் கண்ணில் ஏதோ தூசி. கடைக்காரனுக்குத் தூசி பழக்கம்தான். ஆனால் இது வேறு மாதிரித் தூசி. முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இந்த உருப்படிக்கு என்ன மதிப்பு என்று பார்க்காமல் விட்டேனே என்று தோன்றியது. பூட்டைக் கழற்றிவிடலாம் என்றுகூட முடிவு பண்ணினேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால் பந்தலுக்குக் கீழே வேங்கடேசன். என் ரெண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"வாசிக்கிறவங்களுக்குக் குடுங்கன்னேன், குடுத்துட்டீங்க! உங்க வீட்டம்மாதான் கேக்க வரச் சொன்னாங்க. அந்தப் பத்து உருப்படியும் ஒரு கீறல் இல்லாம, டப்பாவுல பத்திரமா வெச்சிருந்தாங்க. அவங்க கேக்குற விலையைக் குடுத்தேன். என் பொட்டி உசுரோட எழுந்துடுச்சி சார்!"

அவங்க கேக்குற விலை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வெடித்தேன்.

"அது என் சாமான்டி!"

"குப்பைங்க. நீங்கதான் சொன்னீங்க."

"அட்டை?"

"அதுவும் குப்பையிலதாங்க இருந்தது. குப்பை என்னுது, சாமான் உங்களுது. எழுதித் தரட்டுமான்னு வேற கேட்டீங்க."

"என் பொட்டியை என் காசுலயே ரிப்பேர் பண்ணி, என் பழசை வித்து, அந்தப் பணத்துல என்கிட்டயே..."

"நான் விழுப்புரத்துலயே நேராத்தானே சொன்னேன், பத்தை அப்டியே வுடுங்கன்னு? நீங்க கத்தனீங்க." தலைப்பூவை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். "கேட்டிருந்தா பொட்டி அவருக்குப் போயிருக்கும். நான் கீழ உக்காந்து ஜெபம் பண்ணிக்கினு இருப்பேன். நீங்க கேக்காதது நல்லதாப் போச்சுங்க."

இதற்குக் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் வந்தது. அப்போதுதான் அலமாரி மேல் அந்த பிஸ்கட் டப்பா கண்ணில் பட்டது. மெதுவாக ஆட்டினால் தெரியுமே என்று, தூசி தட்டுகிற மாதிரி தொட்டேன். உள்ளே கடகடவென்று சத்தம்.

"அதுல இன்னும் ரெண்டு கெடக்குதுங்க" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

இன்னும் ரெண்டு! வேங்கடேசன் கார் திண்டிவனத்தைத் தாண்டியிருக்காது. ஆனால் நான் மாசிலாமணி. டப்பாவை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த மேசை விசிறியைப் பார்த்தேன். டப்பா மூடி நசுங்கியிருக்கிறது, புளிவாசனை அடிக்கிறது என்று ரெண்டு குறை சொன்னேன். வாசல் வரை நடந்தேன். யாரும் நில்லுங்க என்று கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்து, அவள் கேட்ட விலையைக் கொடுத்து டப்பாவை வாங்கினேன்.

திறந்தேன். தலையில் சிவப்பு நகப்பூச்சோடு, டிவி கண்டன்சரும் ரேடியோ வால்யூம் கண்ட்ரோலும் என்னைப் பார்த்தன.